ட்ரம்ஸ் வேண்டாம் என்றவனுக்கு

அன்புள்ள சவமே, ஆன்டோ,

நம் பக்கத்து ஆட்களுக்கு இந்த விளி விளங்கும். மற்றவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நீ உயிரோடு இருந்த காலம் முழுக்க உன்னை இப்படித்தான் கூப்பிட்டேன். கீபோர்டு வயரை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தால் சவமே, மேடைக்கு ரப்பர் செருப்போடு ஏறினால் சவமே. செத்துப்போனாய் என்பதற்காக இனி மரியாதை கொடுத்து எழுத எனக்கு வராது.

முதல் செய்தியை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லி நீ கேட்க வேண்டாம். உன் இடத்தில் இப்போது கீபோர்டு வாசிக்கிறவன் உன்னைவிட நன்றாக வாசிக்கிறான். பெயர் ரோஷன், கொச்சிக்காரன். நீ இடது கையைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசிக்கிற இடங்களில் அவனுக்கு யோசனையே இல்லை. அவன் சோலோ எடுத்தால், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் கரண்டியை வைத்துவிட்டு மேடையைப் பார்க்கிறார்கள். உனக்காக யாராவது கரண்டியைக் கீழே வைத்தது உண்டா?

வலிக்கிறதா? வலிக்கட்டும். எனக்கு வலித்ததில் ஒரு பங்காவது உனக்கும் வந்து சேரட்டும் என்றுதான் எழுதவே உட்கார்ந்தேன்.

எவ்வளவு மட்டமாகச் செத்தாய் என்று உனக்குத் தெரியுமா? அந்த வாரம் முழுக்க நெஞ்சு அடைக்கிறது என்றாய். வெறும் வாயு, கேஸ் என்று நீயே தீர்ப்பு எழுதி, பெட்டிக்கடையில் சோடா வாங்கிக் குடித்தாய். நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஈசிஜி எடுத்துவிட்டு வா என்று தலையால் அடித்துக்கொண்டேன். "வர்க்கலை கச்சேரி முடியட்டும் அக்கா, பெறவு போலாம்" என்றாய். கடற்கரையில் பிறந்தவன், கடல் மோசமாக இருந்த நாளில் புதுக்கடை சந்தைக்குச் சாளை வாங்கப் போய், மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டே சரிந்தாய்.

உனக்கு முன்னால் மீன் வீட்டுக்கு வந்தது. உன்னைத் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் பையை எடுத்துக்கொண்டு செய்தி சொல்லத்தான் வந்தார். வாசலில் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு நாக்கு எழவில்லை. "ஆன்டோ குடுத்து விட்டான் மாமி. அவன் வர பிந்தும்" என்று சொல்லிப் பையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா சாளையைக் கழுவி, தேங்காய் அரைத்து, புளி கரைத்து அடுப்பில் ஏற்றினாள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பியது. அந்தக் குழம்பை யார் எடுத்து எங்கே கொட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் கொஞ்சம் பழைய கதை. அப்பா கப்பலில் சமையல்காரர். அவர் கொண்டுவந்த கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அர்த்தம் தெரியாமலே ஜாஸ் பாடக் கற்றவள் நான். நீ கோயில் கீபோர்டில் பழகிய விரல்களோடு என் பின்னால் வந்தாய். நம் கடற்கரை ஊரில் யாருக்கும் நாம் என்ன செய்கிறோம் என்று விளங்கவில்லை. அம்மா அதற்கு 'வயித்துவலிப் பாட்டு' என்று பெயர் வைத்தாள். ஆனாலும் கோவளம், வர்க்கலை, கொச்சி, பெங்களூர் என்று போய்க்கொண்டுதான் இருந்தோம். ஒரு குரல், ஒரு கீபோர்டு. அதற்கு மேல் யாரையும் நீ சேர்க்க விடவில்லை.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைப் புகழ்ந்தார்கள். இந்தப் பெண் தாளத்துக்குப் பின்னால் சாய்ந்துகொண்டு பாடுகிறாள், தாளம் வந்து போன பிறகு அவசரமில்லாமல் வந்து உட்காருகிறது சொல் என்றார்கள். பெங்களூரில் ஒருவர் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். ஜாஸில் அது பெரிய காரியம், எல்லாருக்கும் வாய்க்காது. எனக்குக் கடவுள் கொடுத்தது என்று நான் நினைத்தேன். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது?

நீ போனபிறகு முதலில் பாடியது கோவளத்தில். உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு போனேன். துக்கம் ஆறாத துட்டி வீட்டுப் பெண் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு பாடப் போகிறாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. நீயும் நானும் அதற்கு முந்தின வருஷம் பாடிய அதே ரிசார்ட், அதே கடலைப் பார்த்த மேடை, உன் ஸ்டூலில் ரோஷன். இடைவேளையில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்து, போன தடவை வாசித்தவர் எங்கே என்று கேட்டார். இறந்துவிட்டான் என்றேன். "ஓ" என்றார். பிறகு, மனைவிக்கு இன்று பிறந்தநாள், அந்தப் பாட்டைப் பாட முடியுமா என்றார். பாடினேன். நன்றாகத்தான் பாடினேன்.

அன்றைக்கே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஒவ்வொரு வரியிலும் காலடியில் ஒரு படி இல்லாததுபோல் இருந்தது. துக்கம், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். இறால் தின்கிற கூட்டத்தில் யாரும் கவனிக்கவும் இல்லை.

அடுத்தது மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளை கனடாவில் இருக்கிறவர், அவருக்காக எங்களைக் கூப்பிட்டார்கள். 'இங்கிலீஷ் கச்சேரி' என்று மைக்கில் அறிவித்தார்கள். முதல் பாட்டு பாதியில், கையில் ஐஸ்கிரீம் கப்போடு ஒரு மாமி மேடையேறி வந்தாள். ரோஷன் சோலோ வாசித்துக்கொண்டிருந்தான், என் கையில் மைக் திறந்திருந்தது.

"ஏ மக்ளே, ஒனக்க தம்பிக்கு என்னட்டி ஆச்சு? குடியா?"

"இல்ல மாமி. நெஞ்சு வலி."

"குடிக்காதவனுக்கு எப்பிடிட்டி நெஞ்சு வலி வரும்?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. மாமி கரண்டியை நக்கிக்கொண்டே இறங்கிப் போனாள். ரோஷன் எனக்கு விட்ட இடத்தில் நான் நுழையவில்லை. அவன் இன்னொரு சுற்று வாசித்தான். அதிலும் பிந்தித்தான் நுழைந்தேன். இதையும் மாமியின் கணக்கில் எழுதிவிட்டேன்.

இனித்தான் கொச்சி. அந்த கிளப்பை உனக்கு ஓர்மை இருக்கும். ஆட்கள் தின்பதற்காக அல்ல, கேட்பதற்காக வருகிற இடம். பாட்டு நடக்கும்போது யாராவது பேசினால் பக்கத்து மேசைக்காரர் முறைப்பார். உனக்கும் எனக்கும் இருந்த ஒரே ஆசை, அங்கே மாதம் ஒரு நாள் நமக்கென்று கிடைக்க வேண்டும் என்பது. கிளப்காரர் நீ இருக்கும்போதே தயார்தான். முழு பேண்டாக வாருங்கள், ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் வேண்டும் என்றார். நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ட்ரம்ஸ் வந்தா ஒனக்க கொரல முழுங்கிரும் அக்கா" என்றாய். நானும் நம்பினேன்.

நீ இல்லாததால் இந்த முறை மறுக்க ஆளில்லை. ட்ரம்ஸ், பேஸ், ரோஷன், நான். நன்றாகப் பாடினால் மாதம் ஒரு நாள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று கிளப்காரர் முகத்துக்கு நேரே சொன்னார்.

இரண்டாவது பாட்டு, மெதுவான பாட்டு. என் வழக்கப்படி பிந்தி நுழைந்தேன். ரோஷனின் கீபோர்டில் நான் உட்கார வேண்டிய கார்டு அங்கே இல்லை, போய்விட்டிருந்தது. எட்டிப் பிடிக்க ஓடினேன், அதற்குள் அடுத்ததும் போய்விட்டது. ட்ரம்மர் என்னைப் பார்த்தார், பிறகு ரோஷனைப் பார்த்தார். நடுப்பகுதியில் நான் ஒரு பார், ஒரு தாளவட்டம் முழுக்கப் பின்னால் இருந்தேன். அவர்கள் மூவரும் அழகாகச் சேர்ந்து பாட்டை முடித்தார்கள். என் வாயில் இன்னும் ஒரு வரி மிச்சம் இருந்தது.

பாடினேன். வேறென்ன செய்ய? அந்த அமைதியில் என் குரல் மட்டும் தனியாக நின்றது. பின்னால் ஒரு பெண் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினாள். கிளப்காரர், இன்னொரு தடவை பார்ப்போம் என்றார். அந்தத் தடவையும் இப்படியானால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

சாமான்களைக் கட்டும்போது ரோஷன் பக்கத்தில் வந்தான்.

"சேச்சி, ஒண்ணு சொன்னா தப்பா எடுக்கக்கூடாது."

"துக்கம்டா. சரியாயிரும்."

"துக்கம் இல்ல சேச்சி. உங்க பழைய வீடியோ எல்லாம் நான் பார்த்து. அதிலயும் இதுதான். ஆன்டோ சேட்டன் ஓரோ வரிக்கும் நிக்கும். நீங்க வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த கார்டு போடும். கேக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் நின்னா ட்ரம்ஸ் நிக்குமோ?"

அவனை அடிக்காமல் விட்டது என் நல்ல குணம். உன்னை மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். நீ இழுக்கிறாய், நான்தான் உனக்காகப் பொறுத்துப் பாடுகிறேன் என்றல்லவா இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தேன்? அவனிடம் சொல்லிக்கொள்ளாமலே ரயிலேறினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், இந்தக் கொச்சிக்காரன் சொல்வதைக் கேட்டாயா என்று ஆரம்பித்தேன். அவள் நெத்தோலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"அவன் சொன்னது சரிதான். நீ பண்டே பிந்தித்தான் பாடுவ. கோயில்ல கெழவிகளுக்கு நிக்குத மாதிரி அவன் ஒனக்கும் நின்னான்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"அவந்தான் சொன்னான். அக்கா பிந்தும், நான் நிப்பேன், பெங்களூர்காரன் அத ஸ்டைலுன்னு எழுதுகான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

"நீயும் சிரிச்சியா?"

"பின்ன? சிரிக்காம?"

மறுபடியும் நெத்தோலியின் தலையைக் கிள்ள ஆரம்பித்துவிட்டாள்.

கோயில் கிழவிகள் யார் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் கோயில் நீளமானது. பீடத்துக்குப் பக்கத்தில் கீபோர்டு, கடைசி வாசல் பக்கம் மீன் விற்கிற கிழவிகள். சத்தம் அங்கே போய்ச் சேரவே நேரமாகும், போதாததற்கு அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் வலை இழுப்பதுபோல் இழுத்துப் பாடுவார்கள். சனங்கள் பாடி முடிக்காமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாது என்று பழைய பங்குச்சாமி உனக்குக் கட்டளை போட்டிருந்தார். அப்படி நின்று நின்று பழகிய விரல் உன்னுடையது. அந்தக் கிழவிகளில் ஒருத்தியாக என்னையும் சேர்த்து வைத்திருந்தாய், எனக்கு மட்டும் தெரியாமல்.

ட்ரம்ஸ் ஏன் வேண்டாம் என்றாய் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ட்ரம்ஸ் நிற்காது. அது வந்தால் நான் யார் என்று தெரிந்துவிடும்.

இதை அன்பு என்று சொல்லி என்னிடம் தப்பிக்காதே. பிள்ளையைத் தரையில் விடாமல் இடுப்பிலேயே வைத்துச் சுமந்து, நடக்கவே பழக்காமல், ஒரு நாள் நடுச்சந்தையில் இறக்கிவிட்டு ஓடிப்போகிறவளை நம் ஊரில் என்ன சொல்வார்கள்? ஒரு நாள், ஒரே ஒரு கச்சேரியில் நீ நிற்காமல் போயிருந்தால் போதும். விழுந்திருப்பேன், அழுதிருப்பேன், உன் முகத்தில் துப்பியிருப்பேன், கற்றும் இருப்பேன். நீ ஏன் சொல்லவில்லை? என் முகம் வாடும் என்று பயந்தாயா? அல்லது நீ இல்லாமல் என்னால் முடியாது என்பது உனக்குப் பிடித்திருந்ததா? இதற்கு நீ பதில் சொல்லாமல் போனதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு நடந்தது சுருக்கம். கொச்சியில் வாசித்த அந்த ட்ரம்மர் ஆரல்வாய்மொழிக்காரர். அவர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ட்ரம்ஸ் இருக்கிறது, அதைச் சுற்றிலும் கரண்டு எடுக்கிற காற்றாடிகள். தினமும் பஸ் பிடித்துப் போனேன். அவர் என் வயதுக்கு மரியாதை பார்க்கிற ஆள் அல்ல. நான் பிந்தினால் குச்சியைத் தூக்கி நிறுத்திவிடுவார். "பிந்திட்ட. முதல்ல இருந்து." மறுபடியும் பாடுவேன். "பிந்திட்ட." ஒரே வரியை மத்தியானம் வரை பாட வைப்பார். வெளியே போய் அழுதுவிட்டு வந்தால், "அழுகையும் லேட்டுதான்" என்பார். அவரை எனக்குப் பிடித்துவிட்டது. நீ எனக்குச் செய்திருக்க வேண்டியதை அவர் செய்தார்.

மறுபடி கொச்சி. அதே மேடை, அதே மெதுவான பாட்டு. ட்ரம்மர் எண்ணினார், நான் எண்ணினேன். ஒவ்வொரு சொல்லும் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒன்றுகூடப் பிந்தவில்லை. நான்கு பேரும் சேர்ந்து முடித்தோம், வாயில் ஒரு எழுத்து மிச்சமில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள், ஆன்டோ. நீயும் நானும் பாடிய எந்த இடத்திலும் யாரும் எழுந்து நின்றது இல்லை.

கிளப்காரர் மாதம் ஒரு நாள் என்று கைகொடுத்தார். பெங்களூர்க்காரர், அந்த ஒரு பக்கம் எழுதியவர், முன்மேசையில் இருந்தார். "இப்போதுதான் நீங்கள் முழுசாக வந்திருக்கிறீர்கள்" என்றார். உன்னைப் பற்றிக் கேட்பார் என்று நின்றேன். அவர் தன் குடையைத் தேடிக்கொண்டிருந்தார். நீ இல்லாததை அந்த அறையில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. நான் அதைச் செய்துகாட்டிவிட்டேன். உன் தடம் ஒன்றுகூட இல்லாமல் துடைத்து எடுத்துவிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ரயிலில் கழிப்பறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினேன், அதுவும் உண்மை.

போன வாரம் உன் ஆண்டுப் பூசை.

நம் கோயிலில் இப்போது புது கீபோர்டு. ஒரு பொத்தானை அமுக்கினால் தாளம் அதுவாக ஓடும். வாசிக்கிறது காலேஜில் படிக்கிற ஒரு பெண், கெட்டிக்காரி. அவளும் நிற்க மாட்டாள், பொத்தானும் நிற்காது. கடைசி வாசல் பக்கத்துக் கிழவிகள் முதலில் கொஞ்ச நாள் பின்னாலேயே ஓடிப் பார்த்தார்களாம். பிறகு பாடுவதை விட்டுவிட்டார்கள். பூசை முழுக்கச் செபமாலை உருட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். இது உனக்கு இரண்டாவது செய்தி.

நற்கருணை வழங்கி முடிந்ததும் நன்றிப் பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உனக்கான பூசை என்பதால் கிழவிகள் அன்றைக்கு மட்டும் வாயைத் திறந்தார்கள். பொத்தான் ஓடியது. நான் அதன் மேலேயே நின்று பாடினேன், மயிரிழை பிசகாமல். இரண்டாவது அடியிலேயே அவர்கள் பின்தங்கிவிட்டார்கள். கடைசி வாசலில் இருந்து சூசம்மாக் கிழவி, பூசை என்றுகூடப் பார்க்காமல், சந்தையில் கூப்பிடுகிற குரலில் கத்தினாள்.

"ஏட்டி ஜெசிந்தா, நில்லுட்டி! ஆன்டோ நிப்பாம்லா!"

நான் நிற்கவில்லை. நின்றிருக்கலாம். அந்தப் பெண்ணிடம் பொத்தானை நிறுத்து என்று ஒரு கை காட்டினால் போதும். காட்டவில்லை. என் வரியைச் சரியாக முடித்தேன், கீபோர்டும் சரியாக நின்றது.

பின்னால் அவர்களுக்கு இன்னும் ஒரு வரி மிச்சம் இருந்தது. அவர்கள் விடவில்லை. தாளம் இல்லாமல், சுதி இல்லாமல், ஒரு எழுத்தையும் குறைக்காமல், இழுத்து இழுத்துப் பாடினார்கள். சாமியார் 'மன்றாடுவோமாக' என்று சொல்லக் கையை விரித்தவர், விரித்தபடியே நின்றார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் முடித்த இடத்துக்கும் அவர்கள் முடிக்கப்போகிற இடத்துக்கும் நடுவில் இருந்த அந்தத் தூரம் முழுக்க, ஏலே, நீ இத்தனை வருஷமும் தனியாக நின்றுகொண்டிருந்தாய். எவ்வளவு நீளம் அது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் அம்மா, "இன்னைக்கித்தான் நீ கரெக்டா பாடின" என்றாள். அவள் முகம் முழுக்கக் கண்ணீர். பாராட்டுகிறாளா திட்டுகிறாளா என்று நான் கேட்கவில்லை. கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தக் காற்று விடவில்லை, கொளுத்தாமலே வந்துவிட்டோம்.

சரி, கடிதத்தை முடிக்க வேண்டும். அடுத்த வாரம் மறுபடியும் கொச்சி. ட்ரம்ஸ் இருக்கும். என் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள், யாரும் நிற்க வேண்டியதும் இல்லை. இனி இந்தப் பூமியில் எந்த மேடையிலும் பிந்த மாட்டேன் என்று உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.

உன்னிடம் வந்து சேருவதற்கு மட்டும் பிந்துவேன், சவமே. நன்றாகப் பிந்துவேன். அதுவரை அங்கேயே நில்லு. அது ஒன்றுதானே உனக்கு ஒழுங்காகத் தெரியும்.

நீ இறக்கிவிட்டுப் போன
உன் அக்கா,
ஜெசிந்தா